ஹேண்டிகேப்: தொப்பிக்குள் கைவிட்ட விளையாட்டு

"எங்க புள்ளைக்கு அந்த அட்டையெல்லாம் வேண்டாம் டாக்டரம்மா. ஹேண்டிகேப்னா தொப்பியைக் கையில வச்சுக்கிட்டுப் பிச்சை எடுக்கிறதாம். வாட்ஸ்அப்புல வந்துச்சு."

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகளைப் பயிற்சிக்கு அழைத்து வரும் ஒரு தகப்பனார் சொன்னது இது. நான் காரைக்குடியில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பெருமூளை வாதம். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், படிப்பில் கெட்டி. வலது கை இறுகிக்கொள்வதால் எழுதத்தான் நேரம் பிடிக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். அதைத்தான் அவர் வேண்டாம் என்றார்.

தொப்பியும் பிச்சையும் கலந்த இந்தக் கதையை வேறு பெற்றோரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கதை பொய். உடற்குறையைச் சுட்டும் 'ஹேண்டிகேப்' என்ற ஆங்கிலச் சொல் பிறந்த இடம் வேறு.

நம் ஊர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் கிட்டத்தட்ட அப்படி ஒரு பழைய விளையாட்டு இருந்தது. இரண்டு பேர் தங்கள் பொருள்களை மாற்றிக்கொள்ள நினைப்பார்கள். ஒருவரிடம் நல்ல அங்கி, இன்னொருவரிடம் சுமாரான கடிகாரம் என்று வையுங்கள். குறைந்த பொருள்காரர் மேலே எவ்வளவு போட்டுக் கொடுக்க வேண்டும் என்று மூன்றாம் ஆள் ஒருவர் நடுவராக இருந்து சொல்வார். மூவரும் ஒரு தொப்பியில் பந்தயக் காசு போடுவார்கள். பிறகு இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு ஒரே நேரத்தில் எடுப்பார்கள். எடுக்கும் விதத்திலேயே சம்மதமா இல்லையா என்று தெரிந்துவிடும். இருவரும் ஒத்துக்கொண்டாலும் இருவரும் மறுத்தாலும் தொப்பிக்காசு நடுவருக்கு. ஒருவர் மட்டும் ஒத்துக்கொண்டால் காசு அவருக்கு. அதனால் ஒரு பக்கம் சாய்த்துச் சொல்லும் நடுவர் தன் காசையும் இழந்து நிற்பார்.

'ஹேண்ட் இன் கேப்', தொப்பிக்குள் கை. பெயர் அவ்வளவுதான். லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் என்பவர் 1660 செப்டம்பரில், இந்த விளையாட்டை முதன்முதலாகப் பார்த்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் சொல் குதிரைப் பந்தயத்துக்குள் நுழைந்தது. எல்லாக் குதிரைகளுக்கும் வெல்லச் சமவாய்ப்பு கிடைக்க, எந்தக் குதிரைக்கு எவ்வளவு பாரம் என்று நடுவர் தீர்மானிப்பார். வேகமான குதிரையின் சேணத்தில் ஈயத் தகடு ஏறும். கூடுதல் பாரம் சுமப்பது வலுவான குதிரைதான், இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபார் லாப் என்ற புகழ்பெற்ற குதிரை 1930இல், சவாரிக்காரரையும் சேர்த்து 62.5 கிலோ சுமந்து ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பைப் பந்தயத்தை வென்றது. மறு ஆண்டு அதன் முதுகில் ஏற்றியது 68 கிலோ. எட்டாவதாகத்தான் வர முடிந்தது. அதனால் ஃபார் லாப் குறைந்த குதிரை என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பாரமே அதன் திறமைக்குக் கொடுத்த மரியாதை.

கோல்ஃபில் வழி வேறு. அங்கே திறன் குறைந்தவருக்கு அடிகளைக் கழித்துக்கொடுத்து ஈடுகட்டுவார்கள். சதுரங்கத்தில் வல்லவர் ஒரு சிப்பாயையோ குதிரையையோ விட்டுக்கொடுத்து ஆடுவதும் இதே கணக்குதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடற்குறை உள்ள பிள்ளைகளைச் சுட்ட இந்தச் சொல்லைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அங்கேதான் வழுக்கியது என்பேன். பந்தயத்தில் பாரத்தை ஏற்றியவர் யார், எதற்காக ஏற்றினார் என்பது எல்லோருக்கும் தெரியும். மனிதர்களுக்கு வந்தபோது அந்தக் கேள்வியே காணாமல் போனது. பாரம் அவர்கள் உடம்போடு பிறந்தது என்று ஆகிவிட்டது. நம் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பாருங்கள். தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற உயரமான படிகள், நிலையைத் தாண்டி வளவுக்குள் போக மறுபடி படி. அழகான வீடுகள், எனக்கும் பிடிக்கும். ஆனால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு ஒவ்வொரு படியும் ஓர் ஈயத் தகடு. பல பள்ளிக்கூடங்களும் கழிப்பறைகளும் அப்படித்தான் இருக்கின்றன.

இன்று அந்த ஆங்கிலச் சொல்லை மனிதர்களுக்குச் சொல்வதைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். தமிழ்நாட்டு அரசும் 2010இல் 'ஊனமுற்றோர்' என்பதை விட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்பதை எடுத்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுக்கிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அரசு வேலையில் 4 சதவீதம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதம் இடஒதுக்கீடு உண்டு. சட்டத்தின் பெயரிலேயே 'உரிமை' என்றுதான் இருக்கிறது.

இதையெல்லாம் அந்தத் தகப்பனாரிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "சரி டாக்டரம்மா, ஆனா மத்த புள்ளைக மூணு மணி நேரத்துல எழுதுறதை இவ நாலு மணி நேரத்துல எழுதினா அது ஜெயிச்சதாகுமா?"

நல்ல கேள்வி. அவர் மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்க ஊர் ஊராகப் போகிறவர். அங்கே சின்ன மாடுகளுக்குப் பூஞ்சிட்டு என்று தனிப் பிரிவு உண்டு. "பூஞ்சிட்டு மாட்டைப் பெரிய மாட்டோட சேர்த்து ஓட விடுவீங்களாண்ணே?" என்றேன். "அதெப்படி, தனித்தனியாத்தானே விடணும்" என்றார். "பூஞ்சிட்டுல ஜெயிச்ச மாட்டுக்கு மாலை போடுறதில்லையா?" அவர் பேசவில்லை. இவள் எழுதப்போவது தனித் தேர்வுகூட இல்லை, எல்லோருக்கும் வரும் அதே கேள்வித்தாள், அதே மதிப்பெண் என்றும் சொன்னேன். கூடுதல் மணி நேரம் அவள் கையின் இறுக்கத்துக்கு மட்டும் ஈடு. விடை அவளுடையது.

கொஞ்ச நேரம் கழித்து, சிவகங்கையில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் எங்கே இருக்கிறது, என்னென்ன தாள்கள் கொண்டுபோக வேண்டும் என்று விசாரித்தார். ஆதார், புகைப்படம், பழைய மருத்துவச் சீட்டுகள் என்று எழுதிக் கொடுத்தேன்.

அதுவரை பேசாமல் இருந்த பிள்ளை, "நாலு மணி நேரம் உக்கார முதுகு தாங்குமா?" என்று கேட்டாள். எங்கள் இருவருக்கும் தோன்றாத கேள்வி. மறுநாளே பயிற்சியை மாற்றினேன். இப்போது முன்பக்கம் சாய்ந்த மேசை வைத்து, நாற்பது நிமிடம் வரை நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறாள்.