‘ஆன்ஸரை மட்டும் அனுப்புங்க டீச்சர்’

நேற்று இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. ஆங்கில வினாத்தாளில் ஒரு பக்கம். கீழே, "டீச்சர், ஆன்ஸர மட்டும் அனுப்புங்க. மறுகா புள்ள பார்த்து எழுதும்." இந்த மாதத்தில் மட்டும் இது ஆறாவது.

நான் அனுப்பவில்லை. காரணத்தை அந்த அம்மாவிடம் போனில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

மட்டக்களப்பில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பந்தியை வாசித்து விடை எழுதச் சொன்னால் பலர் வாசிப்பதே இல்லை. கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அது பந்தியில் எங்கே இருக்கிறது என்று விரலை ஓட்டித் தேடுகிறார்கள். கண்டதும் அந்த வரியை முற்றுப்புள்ளி வரை அப்படியே இறக்கிவிடுகிறார்கள். இதையே ஒரு வழிமுறையாகச் சொல்லிக் கொடுக்கும் ரியூசன் வகுப்புகளும் உண்டு. தயவுசெய்து நிறுத்துங்கள்.

போன வாரம் நான் கொடுத்த பந்தியில் ஒரு மீனவர், கடல் கொந்தளிப்பதால் தோணியைக் கரையில் விட்டுவிட்டு மகனிடம், 'வீ ஷல் கோ டுமாரோ' என்கிறார். தகப்பன் மகனுக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்பது கேள்வி. பாதிப் பேர் 'ஹி ப்ராமிஸ்ட் தட் வீ ஷல் கோ டுமாரோ' என்று எழுதியிருந்தார்கள். அந்த 'வீ' யார்? எழுதிய பிள்ளையும் சேர்ந்தா தோணியில் போகிறது? 'ஹி ப்ராமிஸ்ட் தட் தே வுட் கோ த நெக்ஸ்ட் டே' என்று வரவேண்டும். 'நாம்' என்றது 'அவர்கள்' ஆகவேண்டும், 'நாளை' என்றது 'மறுநாள்' ஆகவேண்டும், வினையும் இறந்தகாலத்துக்குப் போகவேண்டும்.

பிள்ளைகள் இங்கே தடுக்கி விழுவதற்கு நம்முடைய மொழியிலேயே காரணம் இருக்கிறது. தமிழில் ஒருவர் சொன்னதை அப்படியே வைத்து, பின்னால் 'என்று' போட்டால் போதும். 'நாளைக்குப் போவோம் என்றார்', அவ்வளவுதான். ஆங்கிலத்தின் 'தட்' அந்த வேலையைச் செய்யாது. பேசியவரின் வாயிலிருந்து எடுத்து, நம் இடத்தில் நின்று சொல்லவேண்டும். விடைத்தாளை நான் அனுப்பியிருந்தால் பிள்ளைக்கு இது எப்படித் தெரியவரும்?

இன்னொரு பிழையும் உண்டு. 'டிட்' வரும் கேள்விக்கு விடையில் வினை 'வென்ட்' என்பதுபோல் இறந்தகாலத்தில் வரவேண்டும், 'டிட் வென்ட்' என்று இரண்டையும் சேர்த்து எழுதவே கூடாது. இதை ஆயிரம் தடவை சொல்லியாயிற்று.

அப்புறம் ஒப்படைகள். கல்லடிப் பாலத்தைப் பற்றி இரண்டு பிள்ளைகள் எழுதினார்கள். ஒருவர் 1924இல் திறந்தது என்கிறார், மற்றவர் 2013 என்கிறார். இருவருக்கும் மூலம் 'கூகுள்'. இரண்டு ஆண்டும் சரிதான். 1924 பழைய லேடி மானிங் பாலம், 2013 புதுப் பாலம். ஆனால் தாங்கள் வாசித்த பக்கம் எந்தப் பாலத்தைப் பற்றியது என்று திரும்பிப் போய்ப் பார்க்க இருவருக்கும் வழியில்லை.

கூகுள் எதையும் எழுதியவர் அல்ல. பொது நூலகத்தில் புத்தகம் எடுத்தால் அதை எழுதியவர் நூலகம் என்றா சொல்வீர்கள்? எழுதியவர் யார், எந்த ஆண்டு, என்ன தலைப்பு, எந்தத் தளம் அல்லது பதிப்பகம், இந்த நான்கையும் வாசிக்கும்போதே கொப்பியின் ஓரத்தில் குறியுங்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் மேற்கோள் குறி போடுங்கள். சொல்லை மாற்றி எழுதினாலும் கருத்து அவருடையதுதான், அவர் பெயர் வரத்தான் வேண்டும். நாளைக்கு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ போகப்போகும் பிள்ளைகள் இவர்கள். அங்கே மூலத்தைக் குறிப்பிட ஏபிஏ, எம்எல்ஏ என்று முறைகள் உண்டு. கட்டுரைக்குள் ஏபிஏ முறை என்றால் பெயரும் ஆண்டும், எம்எல்ஏ முறை என்றால் பெயரும் பக்க எண்ணும் கேட்பார்கள். அன்றைக்குத் தொடங்கினால் கஷ்டம்.

அம்மாமாரே, அப்பாமாரே, போட்டோ அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை எழுதிய விடையோடு அனுப்புங்கள். பிழையாக இருக்கட்டும், பாதியில் நிற்கட்டும், பரவாயில்லை. இரவு பத்து மணியானாலும் பார்த்து, எங்கே பிழைத்தது என்று குரல் பதிவில் சொல்கிறேன்.