முதலில் கேனைக் காட்டுங்கள்

புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் சுமந்துகொண்டு யாராவது பட்டறைக்குள் நுழைந்தால், நான் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே "பெட்ரோலில் ஆயில் கலந்து வைத்திருக்கும் கேனைக் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்பேன். பலருக்குக் கோபம் வரும். பழுதானது இயந்திரம், இவன் கேனைக் கேட்கிறானே என்று முகம் சுளிப்பார்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்தில் 18 ஆண்டுகளாக இந்தச் சின்ன இன்ஜின்களோடு மல்லுக்கட்டி வருகிறேன். என் மேசைக்கு வந்தவற்றில் உழைத்துத் தேய்ந்தவை குறைவு. கேனில் இருந்ததைக் குடித்துக் கெட்டவையே அதிகம்.

சென்ற ஐப்பசியில் ஒரு பெரியவர் வந்தார். நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். "நேற்றுவரை நன்றாகத்தான் ஓடியது தம்பி" என்றார். இந்த வாக்கியத்தைக் கேட்காத மெக்கானிக் உலகில் இருக்க முடியாது. கயிற்றை இழுத்துப் பார்த்தேன். கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டிய அழுத்தமே இல்லை, கிணற்று வாளியில் தண்ணீர் இல்லாததுபோல் வந்தது. சைலன்சரைக் கழற்றிப் புகைவாசல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், பிஸ்டனின் அந்தப் பக்கம் முழுவதும் நெடுக்காகக் கீறல். ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

கேனைக் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் வந்தது. ஆனியில் கலந்த பெட்ரோல். மூடிக்குள் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. ஆடு கட்டும் கொட்டகையின் இறவாரத்தடியில் வைத்திருந்தாராம். அதைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வைத்தேன். மேலே 2டி ஆயிலின், அதாவது டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்காகப் பெட்ரோலில் கலக்கும் ஆயிலின், நீலம் கலந்த பெட்ரோல், அடியில் நிறமே இல்லாத இன்னொரு திரவம். "இது என்ன தம்பி, இரண்டு அடுக்காக நிற்கிறது?" என்று குனிந்து பார்த்தார். அவருடைய இன்ஜினைக் கொன்றது அந்த அடி அடுக்குதான்.

இப்போது பங்கில் கிடைப்பது வெறும் பெட்ரோல் அன்று. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் மீது தீராத பாசம். ஓரளவு தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் பெட்ரோலை உதறிவிட்டுத் தண்ணீரோடு கைகோத்துக்கொண்டு அடியில் போய்த் தங்கிவிடும். 2டி ஆயிலோ தண்ணீரோடு சேராது, மேலே பெட்ரோலிலேயே நின்றுவிடும். புல்வெட்டியின் டேங்குக்குள் எரிபொருளை உறிஞ்சும் குட்டி ஃபில்டர் எங்கே கிடக்கிறது? அடியில். ஆகவே இன்ஜினுக்குள் முதலில் போவது ஆயில் இல்லாத அந்தக் கலவைதான். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலுக்குத் தனி இடம் கிடையாது. பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்புத் தருவது பெட்ரோலோடு வரும் ஆயில் மட்டும்தான். அது வராவிட்டால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும்.

நம்பாதவர்களுக்குப் பட்டறை வாசலில் ஒரு வேடிக்கை காட்டுவேன். அளவுக்கோடு போட்ட குப்பியில் 100 மில்லி பெட்ரோல், 20 மில்லி தண்ணீர். மூடிக் குலுக்கிக் கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் நிற்கும் 'தண்ணீர்' ஏறக்குறைய 40 மில்லியாகியிருக்கும். பெட்ரோலுக்குள் இருந்த எத்தனால் அங்கே இறங்கிவிட்டது. (வீட்டுக்குள், அடுப்புப் பக்கம் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) இப்படி எத்தனாலைப் பிரித்துவிட்டு மேலே நிற்பதை மட்டும் பயன்படுத்தலாமே என்று ஓர் இளைஞர் கேட்டார். வேண்டாம் என்றேன். எத்தனால் போனால் பெட்ரோலின் ஆக்டேனும், அதாவது இன்ஜினில் தட்டாமல் எரியும் தன்மையும் குறையும், ஈரமும் கொஞ்சம் தங்கிவிடும்.

தண்ணீர் சேராவிட்டாலும் எத்தனால் இன்னொரு வேலை செய்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது எத்தனால் கலந்ததைச் சற்றுக் கூடுதலாக ஊட்டினால்தான் கணக்குச் சரியாகும். காரிலும் புது பைக்கிலும் சென்சார் அதைப் பார்த்துக்கொள்ளும். புல்வெட்டியின் தீப்பெட்டி அளவுக் கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை, பழைய அளவையே ஊட்டும். காற்று மிஞ்சும், சூடு ஏறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. சாம்பல்போல் வெளுத்திருந்தால் சூட்டில் ஓடுகிறது என்று பொருள். கறுத்து ஈரமாக இருந்தால் ஆயிலோ பெட்ரோலோ அதிகம். வெளுத்திருக்கிறது என்பதற்காக கார்புரேட்டர் திருகுகளை நீங்களே திருப்பாதீர்கள். சுற்று வேகம் காட்டும் கருவி இல்லாமல் நானே அதில் கைவைப்பதில்லை. பல இயந்திரங்களின் கையேட்டில் 10 சதவீத எத்தனால்தான் உச்சவரம்பு என்று அச்சிட்டிருக்கிறது. வாங்கும்போதே அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

ஆயில் அளவுக்கு வருகிறேன். 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. எது என்பது கையேட்டிலும், பல இயந்திரங்களில் டேங்க் மூடியிலும் இருக்கும். இதில் எனக்கு ஆகாத சொல் 'ஒரு மூடி'. எந்த டப்பாவின் மூடி? மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஊசியை எறிந்துவிட்டுக் கேனோடு கட்டி வையுங்கள். டூ ஸ்ட்ரோக் மொபெட் ஓடிய காலத்தில் பங்கிலேயே ஆயில் கலந்து கொடுத்தார்கள். அதனால் இரண்டு தலைமுறைக்கு அந்தக் கணக்கு கைப்பழக்கத்திலேயே இருந்தது. அந்த வண்டிகள் போனதும் கணக்கும் போய்விட்டது. இன்றைய பிள்ளைகள் பைக் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி அப்படியே ஊற்றிவிடுகிறார்கள். எல்லாப் புல்வெட்டியும் டூ ஸ்ட்ரோக் அன்று என்பது வேறு குழப்பம். போர் ஸ்ட்ரோக் வகையில் பெட்ரோல் தனி, ஆயில் தனி. 35 சிசி இன்ஜினுக்குச் சுமார் 100 மில்லி ஆயில் பிடிக்கும். ஆயில் ஊற்றத் தனி மூடி இருக்கிறதா என்று பார்த்தால் வகை தெரிந்துவிடும்.

கலப்பது ஒருபுறம் இருக்க, கலந்ததைக் கிடப்பில் போடுவது பெரிய கேடு. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது கஜா. 2018 நவம்பர் 16 விடியலுக்குமுன் அந்தப் புயல் கரையைக் கடந்து எங்கள் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனபோது, மரம் அறுக்கும் செயின்சா கிடைக்காமல் ஊரே தவித்தது. கடன் வாங்கியாவது வாங்கினார்கள். தென்னையின் உள்ளே சோறு, வெளியே வைரம். மண்ணில் கிடக்கும் மரத்தை அறுத்தால் மணலும் சேர்ந்து சங்கிலிப் பல்லைத் தின்றுவிடும். வாளிலிருந்து சீவல் சீவலாக விழுந்தால் பல் கூர்மையாக இருக்கிறது. மாவாக உதிர்ந்தால் நிறுத்தி அரம் போட வேண்டும். அழுத்தி அறுத்தவர்களின் இன்ஜின்கள் அப்போதே என்னிடம் வந்துவிட்டன.

மற்றவை ஓராண்டு கழித்து வந்தன. வேலை முடிந்ததும் டேங்கில் இருந்த பெட்ரோலோடு சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். பெட்ரோலில் ஆவியாவது ஆவியாகி, மிஞ்சியது கார்புரேட்டரின் மயிரிழைத் துளைகளில் வார்னிஷ்போல் காய்ந்திருந்தது. உள்ளே இருக்கும் டயாப்ரம், அதாவது மூச்சுவிடும் மெல்லிய சவ்வு, அப்பளமாக விறைத்துப் போயிருந்தது. சவ்வு மாற்றும் செலவு சிறியதுதான். ஆனால் அதற்குள் வீட்டில் இருந்த ஆள்கள் மாறி மாறி இழுத்துக் கயிற்றையும் அறுத்துவிட்டிருப்பார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கேனில் கலந்த தேதியை எழுதுங்கள். ஒரு மாதம் தாண்டியதை ஊற்றாதீர்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைக்காதீர்கள். தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள் என்ற அச்சம் ஒன்றே போதும்.

மற்ற பராமரிப்பு எளிது. ஏர் ஃபில்டர் பஞ்சை சோப்புத் தண்ணீரில் கசக்கிக் காயவையுங்கள். சிலிண்டரின் தகடுகளுக்கு இடையே அடைத்த புல்லைக் குச்சியால் நோண்டி எடுங்கள். வாட்டர் சர்வீஸில் கொடுத்துப் பீய்ச்சி அடிக்க வேண்டாம். தண்டின் முனையில் இருக்கும் கியர் பெட்டிக்கு 20, 25 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் வேண்டும். நன்றாகப் புறப்பட்டு வேகம் மட்டும் ஏறாவிட்டால் சைலன்சருக்குள் இருக்கும் வலையில் கரி அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்துவிட்டுக் கார்புரேட்டரைச் சந்தேகியுங்கள்.

காப்புத் தகட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "புல் சிக்குகிறது" என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு வருகிறவர்களின் இயந்திரத்தை, தகடு மாட்டாமல் நான் திருப்பிக் கொடுப்பதில்லை. நைலான் இழையை அளவாக நறுக்கும் கத்தி அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. அது போனால் இழை நீண்டு இன்ஜின் திணறும். இரும்புப் பிளேடு தெறிக்கவிடும் கல்லுக்கு முன் கைலியும் செருப்பும் ஒன்றும் செய்யாது. முழுக்கால் சட்டை, பூட்ஸ், கண்ணாடி வேண்டும். 15 மீட்டருக்குள் ஆளோ ஆடோ நிற்கக் கூடாது. ஓடி முடித்த சூட்டில் பெட்ரோல் ஊற்றியதற்கு என் வலது முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. பத்து நிமிடம் பொறுத்திருக்கலாம்.

மழைக்காலத்தில் ஜெனரேட்டர் எடுப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. நனையக் கூடாது என்று அதைத் திண்ணைக்குள்ளோ அறைக்குள்ளோ வைக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். மின்வாரிய லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச் இல்லாமல் வீட்டுப் பிளக்கில் செருகினால் மின்சாரம் பின்னோக்கிக் கம்பத்துக்கு ஏறும். அங்கே லைன் சரிசெய்கிற மின்வாரிய ஊழியர் ஏறி நின்றுகொண்டிருப்பார்.

பெரியவரின் இன்ஜினுக்கு சிலிண்டரும் பிஸ்டனும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கேனில் மிஞ்சியதை வாய்க்காலில் கவிழ்க்கப் போனார். ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். "பாகங்கள் கழுவ எனக்கு ஆகும் ஐயா" என்றேன்.

"விலை போகுமா?" என்று நின்றார். "கொஞ்சம் போகும்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"அப்படியானால் கூலியில் கழித்துக்கொள் தம்பி."