ஃபேனட்டிக்: கோயிலில் பிறந்து மைதானத்துக்கு வந்த சொல்

‘கால்பந்து வெறியர்கள் மதவெறிக்கு எதிராக ஊர்வலம்.’ ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது இப்படி ஒரு தலைப்பு வந்தது. படித்ததும் கை நின்றுவிட்டது. ஒரே வரியில் வெறி இரண்டு முறை; முதலாவது செல்லமாக, இரண்டாவது குற்றச்சாட்டாக. சரி, மூலத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் அங்கேயும் இதே சிக்கல்தான். ‘ஃபேன்’ என்பது தனிச்சொல் அல்ல. ‘ஃபேனட்டிக்’ என்பதன் வால் நறுக்கிய வடிவம்.

லத்தீனில் ‘ஃபானும்’ என்றால் கோயில், தெய்வத்துக்கென்று ஒதுக்கிய இடம். அதிலிருந்து வந்தது ‘ஃபானாட்டிகுஸ்’. முதலில் கோயிலைச் சேர்ந்தவர், அப்புறம் சாமி வந்து ஆடுபவர். ரோமில் பெல்லோனா, சிபெலி ஆகிய பெண்தெய்வங்களின் பூசாரிகள் ஆவேசம் ஏறித் தங்கள் உடம்பையே கீறிக்கொள்வார்கள். அவர்களைச் சுட்டியது இந்தச் சொல். ஐரோப்பாவில் கிறித்தவப் பிரிவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அது எதிர்த்தரப்பாரைத் தூற்றும் சொல்லாக ஆங்கிலத்தில் ஊன்றியது. என் பக்தி பக்தி, உன் பக்தி வெறி என்ற கணக்கு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பேஸ்பால் பார்க்கப் போகிறவர்களுக்கு ‘ஃபேன்’ என்ற சுருக்கம் நிலைத்தது. நஞ்சு கழன்று, சூடு மட்டும் மிஞ்சியது.

இனி தமிழ். ‘வெறி’ என்ற சொல் ஏறக்குறைய இதே பாதையில் நடந்திருப்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. பழந்தமிழில் வெறி என்றால் மணம், கள், மயக்கம். இவற்றோடு, முருகன் ஏறி, அவன் பூசாரியான வேலன் ஆடும் ஆட்டம். காதலில் மெலிந்த மகளுக்கு என்ன நோய் என்று அறிய, தாய் வேலனை அழைப்பாள். அவன் வெறியாடுவான், மறியை, அதாவது ஆட்டுக்குட்டியை, அறுப்பான். இந்த வெறியைப் பாடிய சிறப்பாலேயே சங்கப் புலவர் ஒருவருக்கு வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர் அமைந்துவிட்டது. அந்தப் பாடல்களில் வெறி வசைச்சொல் அல்ல. ஒரு சடங்கின் பெயர். குடிவெறி, வெறிநாய், கொலைவெறி என்று அது இறங்கியது பிற்காலத்தில். இன்றைக்கு இளைஞர்கள் நல்ல ஆட்டத்தைப் பார்த்து ‘வெறித்தனம்’ என்று பாராட்டும்போது பாதி ஏறியும் விட்டது. ரோமப் பூசாரியும் வேலனும் ஒருவரை ஒருவர் அறியார்கள். ஆனால் இரண்டு மொழிகளும் ஒரே இடத்தில்தான் சொல்லைப் பொறுக்கியிருக்கின்றன. ஆகவே ‘ஃபேனட்டிக்’குக்கு வெறியர் என்பது மிகச் சரியான தமிழ். ‘ஃபேன்’ என்பதற்குத்தான் வேறு சொல் வேண்டும்.

விசிறி வேண்டாம். அது காற்று வீசும் ஃபேனோடு குழப்பிக்கொண்டு பிறந்த பெயர். ரசிகர், ‘ரசம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது, தமிழாக்கினால் சுவைஞர். ஆட்டத்தை ரசிப்பவருக்கு அது பொருந்தும். ஆனால் ஒரு கிளப் தோற்றாலும் தரம் இறங்கினாலும் வாரம் தவறாமல் அதன் பின்னால் போகிறவர் எதைச் சுவைக்கிறார்? பிரிட்டனில் அவரைப் பெரும்பாலும் ‘சப்போர்ட்டர்’ என்கிறார்கள். அதன் லத்தீன் வேருக்குப் பொருள், கீழிருந்து சுமப்பது. தமிழில் ஆதரவாளர் என்கிறோம். வேரோடு பெயர்த்தால் தாங்குபவர். (இத்தாலியர்கள் வைத்த ‘டிஃபோசோ’ என்ற பெயரின் வேர் டைஃபஸ் காய்ச்சல். அதுவும் அழகுதான், தமிழுக்கு உதவாது.)

இந்தப் பிரிவினை வெறும் இலக்கணக் கவலை அல்ல. 2014 அக்டோபர் 26 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில், ‘சலாஃபிகளுக்கு எதிரான ஹூலிகன்கள்’ என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டு நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டார்கள். சலாஃபிகள் கடும் பழமைவாத இஸ்லாமியப் பிரிவினர்; ஹூலிகன்கள் கால்பந்தின் பெயரால் அடிதடியில் இறங்குபவர்கள். சனிக்கிழமைகளில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளும் கிளப்களைச் சேர்ந்தவர்கள் அன்றைக்கு ஒரே அணி. காவல்துறை வேன் கவிழ்ந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட காவலர்கள் காயமடைந்தார்கள். 2017இல் லண்டன் பாலத்தில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு அந்த நகரத்தில் ‘ஃபுட்பால் லாட்ஸ் அலையன்ஸ்’ என்ற கால்பந்து ஆதரவாளர் அமைப்பின் ஊர்வலங்கள் நடந்தன. எல்லா வகைத் தீவிரவாதத்துக்கும் எதிரானவர்கள் என்றார்கள். கிளப் வேறுபாடு பாராமல் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். ஆதரவாளர்களுக்குள்ளேயே வாக்குவாதம் மூண்டது. கொலைகாரர்களைக் கண்டிக்க நமக்கு உரிமை இல்லையா என்பது ஒரு தரப்பு. கண்டனம் கொலைகாரனைத் தாண்டி அடுத்த இருக்கையில் உட்காரும் முஸ்லிம் ஆதரவாளர் மீதும் விழுகிறதே என்பது மறுதரப்பு.

முதல் தரப்பின் கேள்வி நியாயமானது. இரண்டாம் தரப்பின் அச்சம் அதைவிட நியாயமானது என்று நினைக்கிறேன். கோபம் எந்தச் சொல்லின் மேல் ஏறி வருகிறது என்பதைப் பொறுத்து அது போய்ச் சேரும் ஆளும் மாறிவிடுகிறார். ‘மதவெறி எதிர்ப்பு’ என்பதில் இருக்கும் வெறியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மத எதிர்ப்பு. அந்த ஒரு சொல் கூட்டத்தின் முழக்கத்தில் எளிதாக உதிர்ந்துபோகும். ‘தீவிரம்’ இன்னும் வழுக்கலான சொல். கூர்மை, மும்முரம் என்பதுதான் அதன் பொருள். ‘தீவிர ரசிகர்’ என்றால் பாராட்டு, ‘தீவிரவாதி’ என்றால் குற்றம், ‘தீவிர பக்தர்’ எந்தப் பக்கம் என்பது சொல்பவரின் குரலைப் பொறுத்தது. எனவே வன்முறை செய்பவனை எழுதும்போது பயங்கரவாதி என்றும், பிற நம்பிக்கைகளை ஒழிக்க நினைப்பவனை மதவெறியன் என்றும் பிரித்தே எழுதுகிறேன். ஆழ்ந்து தொழுகிறவர் இந்த இரண்டும் அல்ல.

அடுத்தது, இந்த வாக்குவாதத்தில் எல்லோரும் கையில் எடுக்கும் சொல்: டாலரன்ஸ். நாம் பழக்கத்தில் சகிப்புத்தன்மை என்கிறோம். ‘சகி’ வடமொழி, தாங்கிக்கொள் என்று பொருள். ஆனால் அன்றாடத் தமிழில் அது வேறு வாடை பிடித்துவிட்டது. ‘பார்க்கச் சகிக்கல’ என்றால் அருவருப்பு. ‘சகிச்சுக்கிட்டுப் போ’ என்றால் பிடிக்காததை விழுங்கு. பக்கத்து இருக்கைக்காரரின் சமயத்தை நான் சகிக்கிறேன் என்று சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும்?

தமிழில் பொறை இருக்கிறது. பொறு என்ற வினையடியில் பிறந்தது. பாரம் என்றும் பொருள், பாரத்தைச் சுமக்கும் குணம் என்றும் பொருள். பொறுமையும் பொறுப்பும் அதன் உடன்பிறப்புகள். டாலரன்ஸின் லத்தீன் வேரும் சுமப்பது என்பதே, ஆக இங்கேயும் பொருத்தம் அச்சாக இருக்கிறது. சமயப்பொறை என்று அறிஞர்கள் எழுதிவந்திருக்கிறார்கள். செய்திகளிலும் அதைத் தாராளமாகப் புழங்கலாம். கலித்தொகையின் 133ஆம் பாட்டில் நல்லந்துவனார் இதற்கு ஓர் இலக்கணமே தருகிறார்: ‘பொறை எனப்படுவது போற்றாரைப் பொறுத்தல்.’ நம்மை மதிக்காதவரையும் தாங்குவதுதான் பொறை. மதிப்பவரைத் தாங்க ஒரு குணம் தேவையில்லை.

அதற்கு நேர் முந்தைய அடியை மறக்கக் கூடாது. ‘முறை எனப்படுவது கண்ணோடாது உயிர் வௌவல்.’ குற்றவாளி நம்மவர் என்று இரக்கம் காட்டாமல் தண்டிப்பது முறை, அதாவது நீதி. முறையும் பொறையும் அடுத்தடுத்த அடிகளில் நிற்கின்றன. பொறை வேண்டும் என்றால் குண்டு வைத்தவனையும் பொறுக்க வேண்டுமா என்று ஊர்வலத்தில் போனவர்கள் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. அவனுக்கு முறை. அதே கடவுளை வணங்குகிறார் என்பதைத் தவிர அவனோடு எந்தத் தொடர்பும் இல்லாதவரிடம் முறையைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அவரிடம் பொறுக்க வேண்டிய குற்றமே இல்லை.

அப்படியானால் அவருக்கு என்ன சொல்? 2015 நவம்பர் 13 அன்று பாரிஸ் தாக்குதல் நடந்தபோது பிரான்ஸ் அணி ஸ்டாட் டி ஃபிரான்ஸ் அரங்கில் ஜெர்மனியோடு ஆடிக்கொண்டிருந்தது. வெளியே வெடித்த குண்டின் சத்தம் ஆட்டக்காரர்களுக்கே கேட்டது. நாலே நாளில், நவம்பர் 17 அன்று, லண்டன் வெம்ப்ளியில் இங்கிலாந்தோடு ஆட்டம். அரங்கின் மேல் நிற்கும் வளைவில் பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறங்கள். பெரிய திரையில் பிரெஞ்சு தேசிய கீதத்தின் வரிகள். பல தலைமுறைகளாகப் பிரெஞ்சுக்காரரைக் கிண்டலடித்துப் பழகிய கூட்டம் அதைப் பார்த்துப் பார்த்துப் பாடியது. பிரான்ஸ் அணியின் முஸ்லிம் ஆட்டக்காரர் லசானா டியாரா, பாரிஸ் தாக்குதலில் தன் உறவுக்காரப் பெண்ணைப் பறிகொடுத்திருந்தவர். நிறமும் மதமும் இல்லாத இந்தக் கொடூரத்துக்கு எதிராக ஒன்றாக நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார். இரண்டாம் பாதியில் அவர் மாற்று ஆட்டக்காரராக இறங்கியபோது அரங்கத்தின் இரு பக்கமும் கைதட்டியது. இங்கிலாந்து 2-0 என்று வென்றது.

அந்தக் கைதட்டலைச் சகிப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பொறை என்றும் எழுத முடியாது. அன்றைக்கு ஆதரவாளர்கள் எதிரணி ஆட்டக்காரர் ஒருவரைத் தாங்கினார்கள்.