நோய்முதல்

நோய்முதல் என்றால் ஒரு நோய் எதிலிருந்து கிளம்புகிறதோ அது, அதாவது நோய் வந்ததற்கான காரணம். சீன ஊசி மருத்துவமான அக்குபங்சர் பேச்சில் ‘ரூட் காஸ்’ என்று நாள்தோறும் புழங்கும் சொல்லுக்கு நேரான தமிழ் இதுதான். யாரும் புதிதாக ஆக்கித் தர வேண்டியதில்லை. திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தில், 948ஆம் குறளாக இருக்கிறது:

நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும்
வாய்நாடி வாய்ப்பச் செயல்.

பள்ளியில் படித்த குறள்தான். ஆனாலும் இதில் நோயை நாடுவதும் நோய்முதலை நாடுவதும் இரண்டு தனித்தனி வேலைகளாகச் சொல்லப்பட்டிருப்பதை நாம் சட்டென்று கடந்துவிடுகிறோம். பரிமேலழகர் உரை இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. குறிகளைக் கொண்டு நோய் இன்னதென்று துணிவது ஒரு படி, அது வந்த காரணத்தை ஆராய்ந்து தெளிவது அடுத்த படி, அப்புறம்தான் தீர்க்கும் வழி. ‘உங்களுக்குத் தோள்பட்டை இறுகியிருக்கு’ என்று பெயர் சொல்லிவிட்டால் முதல் படி முடிந்தது, அவ்வளவுதான். தோள்பட்டை இறுக்கம் சர்க்கரை நோயாளிகளிடம் மற்றவர்களைவிட அதிகமாக வரும். அதை விசாரிக்காமல் தோளிலேயே நின்றுகொண்டிருந்தால் இரண்டாம் படியில் கால் வைக்கவே இல்லை என்று அர்த்தம்.

இந்தக் குறளை வைத்து ஒரு குழப்பமும் பரவியிருக்கிறது. இதில் மூன்று முறை வரும் ‘நாடி’யை நாடித்துடிப்பு என்று எடுத்துக்கொண்டு, வள்ளுவரே நாடி பிடிக்கச் சொன்னார் என்று மேடையில் பேசுபவர்கள் உண்டு. அது தவறு. குறளில் வருவது ‘நாடு’ என்ற வினையின் எச்சம். தேடி, ஆராய்ந்து என்று பொருள். மணிக்கட்டில் பார்க்கும் நாடி பெயர்ச்சொல். குழாய், நரம்பு என்று பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது. ஒலி ஒன்றுதான், சொல் வேறு. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நாடியைத் தொட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்தத் தவறான பொருள் துணைபோகிறது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி எட்டில் ஒன்றுதான். பரிசம் (தொட்டறிவது), நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று மீதி ஏழு இருக்கின்றன. சீன முறையிலும் பார்த்தல், கேட்டல், வினாதல், தொடுதல் என்று நான்கு உண்டு. (இவற்றில் ‘கேட்டல்’ என்பதற்கான சீனச் சொல் முகர்தலையும் குறிக்கும். நோயாளியின் குரலும் உடல் வாடையும் ஒரே தேர்வுக்குள் வந்துவிடும்.) நாடி பார்ப்பது நான்காவதில் அடங்கும்.

சரி, இனி ‘முதல்’. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளில் ‘எவ்வளவு முதல் போட்டிருக்கீங்க’ என்று கேட்டால் அது மூலதனம். வரிசையில் முன்னே நிற்பதும் முதல்தான். இலக்கணத்தில் இதற்கு இன்னொரு பொருள் இருக்கிறது, நம் விஷயத்துக்கு அதுதான் மிக முக்கியம். முழுப்பொருள் முதல், அதன் உறுப்பு சினை. மரம் முதல் என்றால் கிளையும் இலையும் பூவும் சினை. ‘வெற்றிலை நட்டான்’ என்று பள்ளியில் சினையாகுபெயருக்கு எடுத்துக்காட்டு படித்திருப்போம். நட்டது கொடியை, பெயர் சொன்னது இலையை.

நோய்களுக்கு நாம் வைக்கும் பெயர்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. தலைவலி, மூட்டுவலி, இடுப்புப் பிடிப்பு என்று எல்லாம் சினையின் பெயர்கள். பேச்சுக்கு அது போதும். சிகிச்சை செய்பவர் அந்தப் பெயரோடு நின்றுவிட்டால்தான் கோளாறு. தலைவலியையே எடுத்துக்கொள்வோம். உடம்பில் சக்தி ஓடும் பாதைகள் உண்டு, அவை உறுப்புகளின் பெயரில் அமைந்தவை என்பது சீன மருத்துவக் கணக்கு. அதன்படி நெற்றியில் வலித்தால் வயிற்றின் பாதை, பொட்டில் வலித்தால் பித்தப்பையின் பாதை, பிடரியில் வலித்தால் சிறுநீர்ப்பையின் பாதை, உச்சியில் வலித்தால் கல்லீரலின் பாதை. எல்லாம் தலைவலிதான், ஆனால் ஊசி போடும் இடம் ஒன்றாக இருக்காது. பாதி நேரம் அது தலையிலேயே இருக்காது. காலிலோ கையிலோ இருக்கும்.

சீனர்களிடமும் இந்தப் பகுப்பு அப்படியே இருக்கிறது. நோய்முதலை அவர்கள் ‘பென்’ என்கிறார்கள். மரத்தைக் குறிக்கும் எழுத்தின் அடியில் ஒரு சிறு கோடு போட்டால் அது பென். அடிமரம், வேர் என்று பொருள். வெளியே தெரியும் தொந்தரவு ‘பியாவ்’; மரத்தின் நுனி, கொப்பு. நோயைத் தீர்க்கப் பென்னைத் தேடியாக வேண்டும் என்பது ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ என்ற ஈராயிரம் ஆண்டுப் பழைய சீன நூலின் வாக்கு. அதைத் தமிழில் சொல்ல ‘வேர்க்காரணம்’, ‘கிளை அறிகுறி’ என்றெல்லாம் பலர் சிரமப்படுகிறார்கள். முதல், சினை என்ற இரண்டு சொற்களும் நம் இலக்கணத்தில் இதே மரத்தைத்தானே காட்டுகின்றன? அவற்றை எடுத்துக்கொள்ளத் தயக்கம் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

மற்ற மாற்றுச் சொற்களையும் பார்த்துவிடலாம். ‘மூலகாரணம்’ பரவலாக இருக்கிறது. மூலம் வடசொல், வேர் என்று பொருள். பிழையில்லை. ஆனால் மருத்துவ நிலையத்தின் பலகையில் ‘மூலம்’ என்று எழுதினால் படிப்பவர் மனசில் மூல நோய்தான் வரும். ‘முதற்காரணம்’ சைவ சித்தாந்தத்தின் கலைச்சொல். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று அங்கே வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டது. ‘அடிப்படைக் காரணம்’ செய்தித்தாள் மொழி. எதற்கும் பொருந்தும், அதனாலேயே நோய்க்குத் தனியாக ஒட்டாது. ‘நோய்முதல்’ மருத்துவத்துக்கென்றே பிறந்த சொல். சித்த மருத்துவக் கல்லூரிகளில் ‘நோய் நாடல்’ ஒரு பாடப்பிரிவின் பெயராகவே இருக்கிறது. பக்கத்துத் துறையில் உயிரோடு இருக்கும் சொல்லை அக்குபங்சர்காரர்கள் எடுத்துப் புழங்குவதில் என்ன தடை?

‘அக்குபங்சர்’ என்ற பெயரே கொஞ்சம் மேலோட்டமானதுதான். லத்தீனில் ஊசி என்பதையும் குத்து என்பதையும் சேர்த்த பெயர். டச்சு மருத்துவர் வில்லெம் டென் ரைனே ஜப்பானில் பார்த்ததை எழுதி 1683இல் லண்டனில் அச்சிட்டபோது ஐரோப்பாவில் பரவியது. சீனர்கள் வைத்த பெயருக்கு ‘ஊசியும் சூடும்’ என்று பொருள். சூடு என்பது மாசிபத்திரி இனத்துச் செடியின் பஞ்சை எரித்து, ஊசி போடும் புள்ளிக்குக் காட்டுவது. தமிழில் குத்தூசி மருத்துவம் என்கிறோம். நம் பக்கம் ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொடுபவர்களும் நிறைய, அதைத் தொடு சிகிச்சை என்கிறார்கள். பெயரில் ஊசி இருப்பதால் வருபவர்களும் ‘வலிக்கிற இடத்துல ஊசி போடுங்க’ என்றே கேட்கிறார்கள்.

வெளியே தெரியும் தொந்தரவுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘சிம்ப்டம்’ கிரேக்கச் சொல். ‘சேர்ந்து விழுதல்’ என்பது அதன் மூலப்பொருள். ஒருவருக்கு நேர்ந்துவிடுவது, வந்து வாய்ப்பது என்ற கருத்து. தமிழில் அறிகுறி. சித்த நூல்களில் ‘குறிகுணம்’ என்று வரும். அறிகுறி என்பது நல்ல சொல். அறிவதற்கான குறி, அறிந்த பிறகு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

இனி இந்தச் சொல் பட்டறையிலும் தோட்டத்திலும் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சேலத்தில் கொலுசு வேலை செய்யும் ஒரு அம்மா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘ராத்திரியில கை மரத்துப் போயிடுதுங்க, உதறினாத்தான் சரியாவுது’ என்கிறார். குறி: கை மரப்பு. இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த விரல்கள்? பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். நாளெல்லாம் இடுக்கி பிடிக்கும் கைக்கு அது வரக்கூடியதே. சுண்டு விரலும் மோதிர விரலின் பாதியும் என்றால் சங்கதி முழங்கையில். பலகையில் முழங்கையை ஊன்றியே வேலை செய்கிறாரா? பெருவிரலோடு கழுத்தும் வலித்தால், குனிந்தே இருக்கும் அந்தக் கழுத்தில் நரம்பு புறப்படும் இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கையும் இரண்டு பாதமும் சேர்ந்து மரத்தால் சர்க்கரையைச் சந்தேகிக்க வேண்டும். உடம்பு பருத்து, களைப்பும் குளிர் தாங்காமையும் கூடவே இருந்தால் தைராய்டு. வந்த புகார் ஒன்று, நோய்முதல் ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம். இவற்றில் கடைசி இரண்டை நாடியைப் பிடித்துச் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். அதை எழுதிக் கொடுத்து அனுப்பி வைப்பதும் நோய்முதல் நாடல்தான். என்னைக் கேட்டால், நல்ல அக்குபங்சர்காரரை அதில்தான் அடையாளம் காண்பேன்.

வலியைச் சொல்ல நம் மக்களிடம் இருக்கும் சொற்கள் இன்னொரு பெரிய செல்வம். குடையுது, கடுக்குது, குத்துது, எரியுது, இழுக்குது, மதமதங்குது, விண்விண்ணுன்னு தெறிக்குது. ஒவ்வொன்றும் ஒரு தகவல். ஒரே இடத்தில் ஊசி குத்துவதுபோல் வலித்தால் அங்கே ரத்தம் தேங்கியிருப்பதாகச் சீன முறை கணிக்கும். இடம் மாறி மாறி உப்புசமாக வலித்தால் சக்தி ஓட்டம் தடைபட்டதாகக் கணிக்கும். அமுக்கிவிட்டால் சுகமாக இருக்கும் மந்தமான வலி குறைவால் வந்தது. தொட்டாலே அதிகமாகும் வலி மிகையால் வந்தது. ‘மிகினும் குறையினும் நோய்செய்யும்’ என்று அதே அதிகாரத்தின் முதல் குறள் தொடங்குவது இங்கே நினைவுக்கு வரும். நோயாளி ‘குடையுதுங்க’ என்று சொன்னதைச் சீட்டில் ‘பெயின்’ என்று எழுதிக்கொள்பவர் பாதித் தகவலைக் கீழே கொட்டிவிடுகிறார். அவர் சொன்ன சொல்லையே எழுத வேண்டும்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்ணுக்கும் முழங்கால் வலி, கீழே சேலம் அம்மாபேட்டையில் தறியில் உட்காருபவருக்கும் முழங்கால் வலி. பறிப்புக் காலம் மலையில் பனியும் குளிரும் கூடிய காலம்; ஈரத்தில் நின்று சரிவில் ஏறி இறங்கிய முழங்கால் காலையில் விறைத்துப்போய், வெந்நீர் ஊற்றினால் இளகுகிறது. இதைக் குளிரும் ஈரமும் சேர்ந்த வலி என்று சீன நூல்கள் வகைப்படுத்தி, சூடு காட்டச் சொல்லும். தறிக்காரரின் முழங்காலோ சிவந்து வீங்கித் தொட்டால் சுடுகிறது, ஈரத்துணி போட்டால் இதம். அங்கே சூடு காட்டினால் கெடுதல். அந்த வீக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால் மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கக்கூடும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

நோய்முதல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு குறிகளை அலட்சியம் செய்வது இன்னொரு பக்கத்துப் பிழை. ‘நாங்க சிம்ப்டம் பார்க்கிறதே இல்லை’ என்று பெருமையாகச் சொல்பவர்களை நான் ஏற்க மாட்டேன். அவசரமென்றால் முன்னதாகச் சினையைக் கவனி, நிதானமென்றால் முதலைக் கவனி என்பது சீன மருத்துவத்திலேயே வழிவழியாக வரும் நெறி. நெஞ்சில் பாரம் ஏறி இடது கைக்கும் தாடைக்கும் வலி பரவி வியர்த்துக் கொட்டுகிறதென்றால் பாதை, புள்ளி என்று யோசிக்க நேரமில்லை. 108ஐ அழைக்க வேண்டும். அதேபோல, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சர்க்கரை மாத்திரையையோ ரத்த அழுத்த மாத்திரையையோ ‘முதலைச் சரி செய்துட்டோம், நிறுத்திடுங்க’ என்று சொல்லும் உரிமை யாருக்கும் இந்தச் சொல்லால் வந்துவிடாது.

எழுதும்போது ‘நோய்முதல்’ என்று சேர்த்தே எழுதலாம். ‘நோய் முதல்’ என்று பிரித்தால் ‘நோய் தொடங்கி’ என்று பொருள்பட இடமுண்டு. வேற்றுமை ஏற்கும்போது நோய்முதலை, நோய்முதலுக்கு, நோய்முதலில் என்று வரும். ‘நோய்க்காரணி’யோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிருமி, புகை, தூசு போல வெளியிலிருந்து நோயை உண்டாக்கும் எதுவும் காரணி. நோய்முதல் அந்த ஒரு நோயாளிக்கு உரியது. அவருடைய உணவு, வேலை, தூக்கம், உடல்வாகு எல்லாம் அதில் சேரும். வெள்ளிப் பட்டறைப் புகை ஊருக்கே காரணி, ஒருவருடைய இருமலுக்கு மட்டும் அது நோய்முதல். நோயாளிச் சீட்டில் ‘கம்ப்ளைண்ட்’, ‘ரூட் காஸ்’ என்று இருக்கும் இரண்டு கட்டங்களுக்கும் ‘குறி’, ‘நோய்முதல்’ என்று தலைப்பிடலாம். இரண்டாவது கட்டம் முதல் நாளே நிரம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை.