மிதித்தால் மட்டும் வரும் அதிர்வு

சைக்கிள் மிதிக்கும்போது உள்ளங்காலில் ஒரு குறுகுறுப்பு. மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருளவிட்டால் போய்விடுகிறது. மறுபடி மிதித்தால் மறுபடி வருகிறது. கடைக்குக் கொண்டுபோய் ஸ்டாண்டில் மாட்டிக் கையால் பெடலைச் சுற்றிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. சென்னைக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரில் காலை நேரத்தில் ரோடு பைக் ஓட்டுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார் இது. அடுத்து நடப்பதும் தெரிந்த கதைதான். பிபியை, அதாவது இரண்டு பெடல் கைகளையும் இணைக்கும் அச்சின் பேரிங்கை, மாற்று என்பார் ஒருவர். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் பேரிங் போயிருக்கும் என்பார் இன்னொருவர். ஃப்ரேமில் விரிசலோ என்னவோ என்று மூன்றாமவர் வயிற்றில் புளியைக் கரைப்பார். சில ஆயிரங்கள் செலவான பிறகும் குறுகுறுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

எல்லோரும் 'எங்கிருந்து வருகிறது' என்று தேடுவதால் வரும் சிக்கல் இது. சைக்கிளில் அந்தக் கேள்வி அவ்வளவாக உதவாது. அலுமினியத்துக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பின் சக்கரத்தில் பிறந்த அதிர்வு, ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் ஹேண்டில்பாரை எட்ட மில்லிநொடிகூடத் தேவையில்லை. காலும் கையும் சீட்டும் ஒரே சமயத்தில் உணர்கின்றன; எந்த இடத்தில் தோல் அதிகம் உணர்கிறதோ, அங்கேதான் கோளாறு என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. கேட்க வேண்டியது வேறு: அது நொடிக்கு எத்தனை தடவை வருகிறது, எதைக் கூட்டினால் கூடுகிறது? இடம் ஏமாற்றும், எண்ணிக்கை ஏமாற்றாது.

ஒரு சாதாரணக் கணக்கு போடலாம். முன்னால் 50 பல், பின்னால் 17 பல், 25 மி.மீ. டயர், நிமிடத்துக்கு 90 மிதி. டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். வண்டி மணிக்கு 33 கி.மீ. வேகத்தில் போகும். பெடல் மாட்டிய கையான கிராங்க் நொடிக்கு ஒன்றரைச் சுற்று. இரண்டு கால்களும் மாறி மாறி அழுத்துவதால் விசை ஏறி இறங்குவது நொடிக்கு 3 தடவை. சக்கரம் நொடிக்கு 4.4 சுற்று. பின்னால் கியர் மாற்றும் டீரெய்லரில் தொங்கும் சிறு சக்கரங்களான 11 பல் ஜாக்கி வீல்கள் கிட்டத்தட்ட 7 சுற்று. அப்புறம் செயின். ஒரு பல்லுக்கு ஒரு கண்ணி என்பதால், 50ஐ 1.5ஆல் பெருக்கினால் நொடிக்கு 75 கண்ணிகள் பல்லில் ஏறி உட்காருகின்றன. 75 ஹெர்ட்ஸ். மற்றதெல்லாம் ஒற்றை இலக்கத்தில் இருக்க, இது மட்டும் தனியாக நிற்பதைக் கவனியுங்கள்.

நம் தோலும் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறியும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அதிர்வை உணர இரண்டு வகை நரம்பு முனைகள் உண்டு. மெய்ஸ்னர் உணரிகள் ஏறத்தாழ 10 முதல் 50 ஹெர்ட்ஸ் வரை நன்றாக வேலை செய்யும். அதைப் படபடப்பாக உணர்வோம். இன்னும் ஆழத்தில் இருக்கும் பசினியன் உணரிகளுக்கு 250 ஹெர்ட்ஸ் அளவில்தான் கூர்மை அதிகம்; அது ரீங்காரமாகத் தெரியும். பத்துக்குக் கீழே போனால் அதிர்வு என்றே சொல்ல மாட்டோம், தட், தட் என்று எண்ணிவிடலாம். ஆகவே முதல் கேள்வி இதுதான்: எண்ண முடிகிறதா? முடிந்தால் கிராங்க், பெடல், சக்கரம் பக்கம் பாருங்கள். எண்ண முடியாத குறுகுறுப்பு என்றால் செயின் பக்கம்.

எண்ண முடிகிற வகையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மிதிக்காமல் உருளும்போதும் வந்தால் அது டயர் அல்லது ரிம். பெண்டு எடுக்க வேண்டியிருக்கலாம், அல்லது டயரின் ஓரம் ரிம்மில் சரியாக உட்காராமல் ஓரிடத்தில் புடைத்திருக்கலாம். ஒரு மிதிச் சுற்றுக்கு ஒரு தடவை வந்தால் பெடல், கிராங்க், பிபி. ஒற்றைக் காலால் மிதித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். எழுந்து நின்று மிதிக்கும்போது காணாமல் போனால் சீட்டும் சீட் கம்பியும்தான். இதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று: இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை, ஆனால் சரியாக இரண்டும் இல்லை, கொஞ்சம் தள்ளித் தள்ளி வரும் தட்டல். 110 கண்ணி கொண்ட செயின் 50 பல்லில் ஓடும்போது, ஒரு முழு வட்டம் வர 2.2 மிதிச் சுற்று ஆகும். இறுகிப்போன ஒற்றைக் கண்ணி ஒன்று செயினில் இருந்தால் இந்த இடைவெளியில்தான் இடிக்கும். வேறு எந்தப் பாகத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

பிபி பேச்சு வந்ததால் ஒரு சின்ன விலகல். சென்னைக்காரர்களுக்கு பி.எஸ்.ஏ. என்றால் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த வண்டி. அதே பெயர் உலகம் முழுக்க பிபி மரையின் அளவுக்கும் நிற்கிறது: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற பழைய ஆங்கிலேயக் கம்பெனிதான் இரண்டுக்கும் மூலம். இதில் பேரிங்கைத் தாங்கும் வலப்பக்கக் கோப்பைக்கு இடமரை, அதாவது எதிர்த்திசையில் திருகுவது. மிதிக்க மிதிக்க பேரிங்கின் உருளல் அந்தக் கோப்பையைத் தளர்த்தும் திசையில் தள்ளும், அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. தெரியாமல் வழக்கமான திசையில் ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் கழலாது, இன்னும் இறுகும்.

சரி, குறுகுறுப்புக்கு வருவோம். மிதித்தால் வருகிறது, உருண்டால் நின்றுவிடுகிறது என்றதும் பலரும் பழி போடுவது ஃப்ரீஹப் பேரிங் மேல். பின் பல்சக்கரங்களைத் தாங்கி, மிதித்தால் மட்டும் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றும் பாகம்தான் ஃப்ரீஹப். பாதி வண்டிகளில் இது நியாயமே இல்லாத பழி. ஷிமானோ பாணி ஹப்பில் ஃப்ரீஹப்பின் உள்ளே இருக்கும் குண்டுகள், ஃப்ரீஹப்புக்கும் ஹப்பின் உடலுக்கும் நடுவே இருக்கின்றன. மிதிக்கும்போது இரண்டும் சேர்ந்தே சுற்றுவதால் அந்தக் குண்டுகள் அசைவதே இல்லை. உருளும்போதுதான் அவற்றுக்கு வேலை. ஆனால் சீல்டு பேரிங் போட்ட பல ஹப்களில் ஃப்ரீஹப் நேரடியாக அச்சின்மேல் உட்கார்ந்திருக்கும். அங்கே நிலைமை தலைகீழ்: மிதித்தால் அதன் பேரிங் சுற்றும், நிறுத்தினால் நிற்கும். நம் அறிகுறிக்கு அச்சாகப் பொருந்தும். உங்கள் ஹப் எந்த ரகம் என்று தெரியாமல் பேரிங்குக்குத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

செயினா, ஹப்பா, கிராங்கா என்று பிரிக்க கியர்களே போதும். மிதிக்கும் வேகத்தை மாற்றாமல் பின் கியரை மட்டும் மாற்றுங்கள். சக்கரத்தின் வேகம் மாறும். செயின் கண்ணிகளின் எண்ணிக்கை மாறாது, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது முன் பல்சக்கரம். குறுகுறுப்பின் சுருதி அப்படியே இருந்தால் ஹப் தப்பித்தது. அடுத்து, அதே மிதி வேகத்தில் முன்னால் 50லிருந்து 34க்கு மாறுங்கள். இப்போது நொடிக்கு 51 கண்ணிகள்தான். சுருதி மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் செயின். இறங்காவிட்டால் பிபி, பெடல் வகையறா.

திருவான்மியூர் நண்பர் ஒருவரின் வண்டியில் இது இன்னும் சுவாரசியமாக வெளிப்பட்டது. பெரிய பல்லில் நிமிடத்துக்கு 80 மிதிக்கும்போது மட்டும் கை கூசும் அளவுக்கு அதிர்வு. 95க்குப் போனால் காணோம். சிறிய பல்லில் 80ல் ஒன்றுமில்லை, கால்களை வெறியோடு சுழற்றி 118ஐ எட்டினால் அங்கே வந்து நிற்கிறது. 50ஐ 80ஆல் பெருக்கிப் பாருங்கள், 4,000. 34ஐ 118ஆல் பெருக்கினால் 4,012. இரண்டுமே நொடிக்கு 67 கண்ணிகள். ஹேண்டில்பார், சீட் கம்பி, பாட்டில் மாட்டும் கூண்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. செயின் தரும் சிறு தட்டல் அந்த எண்ணோடு ஒத்துப்போனால் பல மடங்கு பெருகும். ஒத்திசைவு என்று பள்ளியில் படித்தது இதைத்தான். ஆக, ஆடியது ஹேண்டில்பார், ஆட்டியது செயின்.

செயின் என்றால் ஏன் ஸ்டாண்டில் தெரியவில்லை? அங்கே இழுவை இல்லை. 200 வாட் சக்தியில் மிதிக்கும் ஒருவரின் செயின், முன்னால் 50 பல், 90 மிதி என்றால், நொடிக்கு 0.95 மீட்டர் ஓடுகிறது. சக்தியை வேகத்தால் வகுத்தால் இழுவிசை சராசரியாக 210 நியூட்டன், அதாவது 21 கிலோவைத் தொங்கவிட்ட அளவு. மிதி உச்சத்தில் இதைவிட நன்றாகக் கூடும். 34 பல்லுக்கு மாறினால் செயின் மெதுவாக ஓடும், அதே சக்திக்கு இழுவை 310 நியூட்டனைத் தொடும். கையால் பெடலைச் சுற்றும்போது இதில் நூறில் சில பங்குகூட இருக்காது. அதனால்தான் மேம்பாலம் ஏறும்போதும் (நம் ஊரில் மலை என்றால் அதுதான்) கடற்காற்றை எதிர்த்து மிதிக்கும்போதும் தொல்லை கூடுகிறது.

இழுவையில் அதிர்வைக் கிளப்புவது தேய்மானம். செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே தவிர, இரும்புத் தகடு எதுவும் நீளவில்லை. கண்ணிகளை இணைக்கும் பின்களும் அவை அமரும் துளைகளும் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. இதில் ஒரு விசித்திரம்: உள் தகட்டுக் கண்ணியில் ஓர் உருளைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் தேயத் தேய மாறுவதில்லை. வெளித் தகட்டுக் கண்ணியில்தான் மொத்தமும் கூடுகிறது. ஆகவே பழைய செயின் சரியான கண்ணி, நீண்ட கண்ணி, சரியான கண்ணி, நீண்ட கண்ணி என்று மாறி மாறிப் பல்லில் ஏறும். 75 ஹெர்ட்ஸோடு அதில் பாதியான 37.5ம் சேர்ந்துகொள்ளும். அது மெய்ஸ்னர் உணரிகளின் எல்லைக்குள் விழுகிறது. கால் உடனே புகார் செய்கிறது.

சென்னையில் இந்தத் தேய்மானத்துக்கு உப்பு துணை. சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். சவாரிக்குப் போகும் அதே நேரத்தில் செயின்மேல் உப்புக் கரைசல் பூசப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே மணல். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீரில் ஒருநாள் ஓட்டினால் உள்ளே இருந்த எண்ணெயும் போய்விடும்.

சந்தேகத்தைப் போனில் சரிபார்க்கலாம். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் 2016லிருந்து கிடைக்கிறது. போனுக்குள் அசைவை அளக்கும் முடுக்கமானியைப் படித்து அதிர்வெண் வரைபடமாகக் காட்டும். போனை ஃப்ரேமோடு ஆடாமல் கட்ட வேண்டும், தளர்வாக இருந்தால் அளப்பது போனின் ஆட்டத்தைத்தான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. முடுக்கமானி நொடிக்கு 100 தடவை மட்டும் அளந்தால், 50 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை அதனால் சரியாகக் காட்ட முடியாது. 67ஐ 100லிருந்து கழித்து 33 என்று பொய்யாகக் காட்டும். நண்பரின் வண்டியில் 80 மிதியில் எதிர்பார்க்கும் பாதி அதிர்வெண்ணும் அதே 33தான்! உண்மையையும் நிழலையும் பிரிக்க மிதி வேகத்தை 85 ஆக்கினால் போதும். உண்மையான பாதி 35க்கு ஏறும், நிழல் 29க்கு இறங்கும். வரைபடத்தில் இரண்டு முகடுகளும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தன. அதாவது இரண்டுமே அங்கே இருந்தன.

மிச்சத்தை முடிவு செய்தது அடி ஸ்கேல். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம், 304.8 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் மையத்தில் ஸ்கேலின் தொடக்கத்தை வைத்து, 24 கண்ணி தள்ளி இருக்கும் பின்னைப் பார்க்க வேண்டும். ஒன்றரை மி.மீ. கூடியிருந்தால் அரை சதவீதத் தேய்மானம். பின்னால் 11 கியர் உள்ள வண்டியின் 11 ஸ்பீடு செயினை அப்போதே மாற்றிவிடுவது நல்லது. நண்பருடையது இரண்டு மி.மீ.யைத் தாண்டியிருந்தது. அந்த அளவுக்கு விட்டால் பின் பல்சக்கர அடுக்கான கேசட்டின் பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் பழைய பல்லில் நழுவும். ஆகவே இரண்டையும் மாற்றினார்கள், கை கூசுவது நின்றது.

ஆனாலும் கோவளத்திலிருந்து பின்காற்றோடு திரும்பும்போது பின்னால் 11 பல்லில் இலேசாக ஏதோ தெரிகிறது என்கிறார். அதைச் சரிசெய்ய முடியாது. பழைய இரண்டு ரூபாய் நாணயம் நினைவிருக்கிறதா, பதினொரு பக்கம் கொண்டது? அதை மேசையில் உருட்டினால் நடுப்பகுதி ஏறி ஏறி இறங்கும். 11 பல்லில் சுற்றும் செயினும் வட்டமாக வளைவதில்லை, பதினொரு பக்கப் பலகோணமாகத்தான் மடிகிறது. ஒவ்வொரு கண்ணி ஏறும்போதும் அதன் வேகம் சுமார் 4 சதவீதம் ஏறி இறங்கும். 17 பல்லில் இது 1.7 சதவீதம், 50 பல்லில் வெறும் 0.2. பல் கூடக் கூட வட்டத்தை நெருங்குகிறது. 2022 அக்டோபரில் ஒரு மணி நேர உலகச் சாதனையை 56.792 கி.மீ.க்கு உயர்த்திய இத்தாலிய வீரர் ஃபிலிப்போ கன்னா, முன்னால் 65 பல்லும் பின்னால் 14 பல்லும் போட்டிருந்தார். 50க்கு 11 என்பதும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான். ஆனால் பெரிய பல்சக்கரங்களில் செயின் மடிவது குறைவு, உராய்வும் குறைவு. நண்பருக்கு அந்தச் செலவு தேவையில்லை. 13 பல்லுக்கு வந்து காலைச் சற்று வேகமாகச் சுற்றினால் ஏற்ற இறக்கம் 3 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும்.