வாக்குச்சீட்டில் நாம் தாண்டிப்போகும் ஒரு பெயர்

2022 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரிசோனாவின் சாண்ட்லர் நகரில், நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தபாலில் வந்த வாக்குச்சீட்டு விரிந்து கிடந்தது. மதுரைக்காரர், சிப் தொழிற்சாலையில் பொறியாளர். அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின் அவர் போடும் இரண்டாவது வாக்கு அது. ஆளுநர், மாநிலச் செயலாளர், தலைமை வழக்கறிஞர், பொருளாளர், பள்ளிக்கல்விக் கண்காணிப்பாளர் என்று வரிசையாகக் கறுப்பு மையால் நிரப்பிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் பேனாவைத் தூக்கினார்.

“அண்ணே, மாநிலச் சுரங்க ஆய்வாளர் என்று போட்டிருக்கிறது. இவருக்கெல்லாமா தேர்தல் வைப்பார்கள்? அதுவும் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.” சொல்லிவிட்டு அந்த வரியைக் காலியாக விட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

சுரங்கப் பாதுகாப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். கோலார் தங்கவயலில் பிறந்தவன். தாத்தா ஷாப்டு என்ற செங்குத்துச் சுரங்கக்குழிக்குள் இறங்கிய அன்றெல்லாம், சங்கு ஊதி அவர் வீடு திரும்பும்வரை பாட்டி வாசலைப் பார்த்தபடியே இருந்ததைக் கேட்டு வளர்ந்தவன். இருந்தும் அன்று அந்த மேசையில் எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. சொல்ல வேண்டியது ஒரு வாக்கியத்தில் அடங்குவதாக இல்லை. இப்போது எழுதுகிறேன்.

இன்று அமெரிக்காவில் சுரங்க ஆய்வாளரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலம் அரிசோனா ஒன்றுதான். மற்ற இடங்களில் ஆளுநரோ அவருக்குக் கீழே உள்ள துறையோ நியமிக்கும். இங்கு மட்டும் ஏன் தேர்தல் என்று கேட்டால், 1910-க்குப் போக வேண்டும்.

அப்போது அரிசோனா ஒரு மாநிலமே அல்ல, வாஷிங்டனின் நேரடிப் பிடியில் இருந்த ஆட்சிப்பகுதி. செம்பு கொழித்த மண். பிஸ்பீ, ஜெரோம், குளோப், மொரென்சி எல்லாம் சுரங்க ஊர்கள். அங்கே கடை, மருத்துவமனை, வீடு என்று எதைத் தொட்டாலும் சுரங்கக் கம்பெனியின் கை தெரியும். 1903-இல் நிலத்தடி வேலைக்கு எட்டு மணி நேரம் என்று சட்டம் வந்தபோது, நேரம் குறைந்ததற்கு ஈடாகக் கூலியையும் குறைத்தார்கள். மொரென்சி வட்டாரத்துத் தொழிலாளர்கள், பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். எதிரே துப்பாக்கியோடு படை வந்து நின்றது. அந்த நினைவு மறையாத ஏழாண்டுகளுக்குள்தான் மாநில அரசியலமைப்பை எழுத மன்றம் கூடியது. தலைமை வகித்தவர் ஜார்ஜ் ஹன்ட். பிற்பாடு மாநிலத்தின் முதல் ஆளுநர் ஆனவர்.

அந்த மன்றத்தில் இருந்தவர்களுக்கு ஒரு கணக்கு தெளிவாக இருந்தது. ஆய்வாளரை ஆளுநர் நியமித்தால், ஆளுநரைப் பிடிக்கிற கம்பெனி ஆய்வாளரையும் பிடித்துவிடும். ஆகவே அந்தப் பதவிக்கென்றே தனி உறுப்பு ஒன்றை எழுதினார்கள். பத்தொன்பதாவது உறுப்பு இன்றும் இருக்கிறது. பதினாறு வயதுக்குட்பட்ட எவரையும் நிலத்தடிச் சுரங்க வேலைக்கு எடுக்கக்கூடாது என்பதையும் அதே அரசியலமைப்பில் வைத்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவரை, நீதிபதி உட்பட, மக்களே திரும்ப அழைக்கலாம் என்றும் எழுதினார்கள். நீதிபதிகளையுமா என்று குடியரசுத் தலைவர் டாஃப்ட் 1911-இல் மறுத்துவிட்டார். அந்த வரியை எடுத்துவிட்டு 1912 பிப்ரவரி 14 அன்று மாநிலம் ஆனார்கள். அதே ஆண்டு நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இப்படிப்பட்டவர்கள் விட்டுச்சென்றதுதான் நண்பர் காலியாக விட்ட அந்த வரி.

அவர்கள் பயந்தது பொய்யில்லை. மாநிலமாகி ஆறாண்டுகள்கூட முழுதாகக் கழியாத 1917 ஜூலையில், பிஸ்பீயில் வேலைநிறுத்தம் செய்தவர்களும் அவர்களின் ஆதரவாளர்களுமாக ஏறத்தாழ 1,200 பேரைத் துப்பாக்கி முனையில் கால்நடை ரயில் பெட்டிகளில் அடைத்து, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். சுரங்கத்தின் பாதுகாப்புக் குறைகளும் அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கைகளில் இருந்தன.

ஆய்வாளர் என்னதான் செய்கிறார்? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிலத்தடிச் சுரங்கத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மற்றச் சுரங்கங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவதும் அவரது அலுவலகம் பார்க்க வேண்டும். விபத்து நடந்தால் விசாரிக்க வேண்டும். தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டியதும் அதன் பொறுப்பு. 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் ஆய்வாளர்களும் தனியே வருவார்கள். நிலத்தடிக்கு ஆண்டில் நான்கு முறை, திறந்தவெளிக்கு இரண்டு முறை. “அவர்கள்தான் வருகிறார்களே, மாநில ஆய்வாளர் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுரங்கத்தில் இரண்டாம் கண் எப்போதும் வீண்போகாது. ஒருவர் பார்க்காமல் விட்டதை இன்னொருவர் பார்த்ததால் வீடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

ஆய்வு என்றால் என்ன என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சந்தையில் பானை வாங்குபவர் விரலால் சுண்டிப் பார்ப்பார் அல்லவா? கூரைப் பாறையையும் அப்படித்தான் நீளமான இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்போம். ‘ணங்’ என்றால் பாறை இறுக்கமாக இருக்கிறது. ‘பொத்’ என்றால் உள்ளே விரிந்து, எந்த நேரமும் விழக் காத்திருக்கிறது. நல்ல ஆய்வாளர் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன் கம்பியைக் கையில் வாங்குவார். அடுத்து, யார் யார் கீழே இருக்கிறார்கள் என்று காட்டும் வில்லைப் பலகையைப் பார்ப்பார். பலகையில் முப்பத்தொன்று, கீழே எண்ணினால் முப்பத்திரண்டு என்றால் அங்கேயே வேலை நிற்கும். தீ வந்தால் தப்பிக்க இரண்டாவது வழி திறந்திருக்கிறதா என்று படத்தில் பார்க்கமாட்டார், நடந்து பார்ப்பார். ஒரு தொழிலாளியைத் தனியே அழைத்து, இடுப்பில் தொங்கும் நச்சுவாயு வடிகட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக் காட்டச் சொல்வார். புகையில் கண் தெரியாது, அதனால்.

மோசமான ஆய்வையும் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம்; என் ஆரம்ப காலத்தில் நான் வேலை பார்த்த ஒரு குவாரி அது. ஆய்வு நாளைக்கு என்று முந்தைய நாள் மதியமே மேலாளருக்குத் தெரிந்துவிடும். உடனே சாலைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள், கழற்றி மூலையில் போட்டிருந்த இயந்திரக் காப்புகளைத் திரும்ப மாட்டுவார்கள். ஆய்வாளர் வருவார், தேநீர் குடிப்பார், கையெழுத்துப் போடுவார். மறுநாளே காப்புகள் மூலைக்குப் போகும். ஒருநாள் கன்வேயர் உருளையில் ஒரு பையனின் கை சிக்கியது. முழங்கைக்குக் கீழே எதையும் காப்பாற்ற முடியவில்லை. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. முந்தைய வாரம் ஆய்வுக்காக அந்தக் காப்பை மாட்டியதையும் மறுநாளே கழற்றியதையும் என் கண்ணால் பார்த்திருந்தேன். அதை எழுதி மேலே அனுப்பாமல் விட்டது இன்றும் என்னை உறுத்துகிறது.

முன்கூட்டியே தகவல் கசிவது சின்ன விஷயம் இல்லை. 2010 ஏப்ரலில் மேற்கு வர்ஜீனியாவின் அப்பர் பிக் பிராஞ்ச் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 29 பேர் இறந்தார்கள். ஆய்வாளர்கள் வாசலுக்கு வந்ததுமே காவலாளிகள் வானொலியில் உள்ளே தகவல் சொல்லிவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது என்பது பிறகு வெளிவந்தது. பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்த குற்றத்துக்காக நிறுவனத்தின் தலைமை நிர்வாகி டான் பிளாங்கன்ஷிப் ஓராண்டு சிறை சென்றார்.

தேர்தல் மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஐடஹோ மாநிலமும் ஒரு காலத்தில் சுரங்க ஆய்வாளரை வாக்களித்துத்தான் தேர்ந்தெடுத்தது. 1972 மே 2 அன்று அங்குள்ள சன்ஷைன் வெள்ளிச் சுரங்கத்தில் தீப்பிடித்தது. கார்பன் மோனாக்சைடு வாயுவும் புகையும் 91 பேரைக் கொன்றன. உயிர்காக்கும் வடிகட்டியை எப்படி மாட்டுவது என்றே பலருக்குச் சொல்லித்தரப்படவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு இருவர் மட்டும் உயிருடன் கிடைத்தார்கள். அந்த எழுபதுகளிலேயே ஐடஹோ அந்தத் தேர்தல் பதவியை எடுத்துவிட்டது. வாக்குச்சீட்டில் ஒரு பெயர் இருப்பது வேறு, அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் என்ன செய்கிறார் என்று வாக்காளர் பார்ப்பது வேறு.

அரிசோனாவிலும் இதுதான் என் கவலை. ஜோ ஹார்ட் 2007 முதல் இந்தப் பதவியில் இருந்தார். சட்டம் அனுமதிப்பது தொடர்ந்து நான்கு முறை. நான்கு முறையும் வென்றார். 2018-இல் போட்டி இருந்தது, வித்தியாசம் பெரிதாக இல்லை. 2021-இல் அவர் விலகினார். அப்போதைய ஆளுநர் டக் டூசி, பால் மார்ஷ் என்பவரை நியமித்தார். 2022-இல் வாக்குச்சீட்டில் இருந்தது அவர் பெயர் மட்டுமே. இதில் எவர்மீதும் குற்றம் சொல்ல வரவில்லை. ஆளுநர் நியமனம் வேண்டாம் என்று 1910-இல் எழுதினார்கள். போட்டியிட ஆளில்லாமல், பார்க்கும் கண்ணில்லாமல் போனால், சுற்றி வளைத்து அதே நியமனத்துக்குத்தான் வந்து சேர்கிறோம்.

“நான் சிப் தொழிற்சாலைக்காரன், எனக்கும் சுரங்கத்துக்கும் என்ன?” என்று நண்பர் கேட்டிருப்பார். ஃபீனிக்ஸ் சுற்றுவட்டாரத்தில் வாழும் நம்மவர்கள் எல்லாரும் கேட்கக்கூடியதுதான். அமெரிக்காவில் எடுக்கப்படும் செம்பில் ஏறத்தாழ எழுபது சதவிகிதம் இந்த மாநிலத்திலிருந்து வருகிறது. ஆனால் நமக்கு இன்னும் நெருக்கமான காரணம் வேறு. வாரஇறுதியில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பாலைவனத்துக்கு நடக்கப் போகிறோம். அந்தப் பாலைவனம் முழுக்கப் பொத்தல்.

நூறு நூற்றைம்பது ஆண்டுகளாகத் தோண்டிவிட்டுப் போட்டது போட்டபடி போனவர்கள் விட்டுச்சென்ற சுரங்கங்கள் மாநிலத்தில் ஒரு லட்சம் இருக்கலாம் என்பது பல காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 2007 செப்டம்பரில், குளோரைடு என்ற ஊருக்கு அருகே இரண்டு சகோதரிகள் ஓட்டிச் சென்ற, கரடுமுரடான பாதையில் ஓடும் சிறிய நான்கு சக்கர மோட்டார் வண்டி, வேலியில்லாத ஒரு சுரங்கக்குழிக்குள் விழுந்தது. பதின்மூன்று வயது அக்கா இறந்தாள். பத்து வயதுத் தங்கை இரவு முழுக்கக் குழிக்குள் கிடந்து மறுநாள் மீட்கப்பட்டாள். 2018-இல் கயிற்றில் இறங்கும்போது நூறடிக் குழிக்குள் விழுந்த ஒருவர், கால் முறிந்து, வாலாட்டி ஒலியெழுப்பும் விஷப்பாம்புகளோடு இரண்டு நாள் கிடந்தார். நண்பர் ஒருவர் தேடி வந்ததால் பிழைத்தார்.

விழுவது மட்டும் ஆபத்தில்லை. குகை போலத் தெரியும் பக்கவாட்டு வாயில்தான் அதிகம் ஏமாற்றும். உள்ளே காற்று நகராத இடத்தில் ஆக்சிஜன் குறைந்து கிடக்கும். மூச்சுத் திணறலே தெரியாமல் மயக்கம் வரும், தூக்கப் போனவரும் அங்கேயே விழுவார். தரையில் தேங்கிய நீர் கணுக்கால் ஆழம்போல் தெரியும், அடியில் இன்னொரு செங்குத்துக் குழி இருக்கும். முட்டுக்கொடுத்த மரம் தொட்டால் உதிரும். மூலையில் பழைய வெடிமருந்துப் பெட்டி இருந்தால், அதன் மேல் வியர்வைபோல் கசிந்திருப்பது நைட்ரோகிளிசரின். அதைத் தட்டினாலே போதும்.

இவற்றை வேலியிட வேண்டும், மூட வேண்டும், எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று நில உரிமையாளரைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. செய்ய வைப்பதும், உரிமையாளர் யாரென்றே தெரியாத குழிகளை அடைப்பதும் ஆய்வாளர் அலுவலகம். சில குழிகளை மண்ணால் நிரப்புவார்கள், சிலவற்றில் வௌவால்கள் போய்வர இடம் விட்டு இரும்புக் கதவு வைப்பார்கள். சிறிய அலுவலகம், மிகப் பெரிய மாநிலம். எத்தனை குழிகள் அடைபடுகின்றன என்பது சட்டமன்றம் தரும் பணத்தையும், அதைக் கேட்டு வாங்குகிற ஆய்வாளரின் பிடிவாதத்தையும் பொறுத்தது.

அடுத்த தேர்தல் 2026 நவம்பரில். குடியுரிமை பெற்றவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் தவறிக்கூடப் பதிவு செய்துவிடாதீர்கள், குடியுரிமைக்கே சிக்கலாகும். ஆனால் வேட்பாளரிடம் கேள்வி கேட்க எவருக்கும் தடையில்லை. சுரங்க அனுபவம் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எங்கே, என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரா, கம்பி பிடித்தாரா என்பது இரண்டு நிமிடப் பேச்சில் தெரிந்துவிடும். தேர்தல் செலவுக்குப் பணம் தந்தவர்கள் யார் என்பது பொதுப்பதிவில் இருக்கிறது, பாருங்கள். சொல்லாமல் போய் ஆய்வு செய்வாரா? கைவிடப்பட்ட குழிகளில் பள்ளிகளுக்கும் நடைபாதைகளுக்கும் அருகில் உள்ளவற்றை முதலில் எடுப்பாரா? இதற்கு நேராகப் பதில் சொல்லாதவரை நான் நம்பமாட்டேன், எந்தக் கட்சியாக இருந்தாலும்.

அந்த நண்பரின் குடும்பத்தோடு சென்ற குளிர்காலத்தில் விக்கன்பர்க் பக்கம் போயிருந்தோம். பாதையிலிருந்து இருபதடி தள்ளி, முட்செடிகளுக்கு நடுவே ஒரு குழி. வேலி எப்போதோ இருந்திருக்கிறது. துருப்பிடித்த கம்பி ஒன்று மண்ணில் கிடந்தது. விளிம்பு மண் உள்நோக்கிச் சரிந்திருந்ததால் யாரையும் கிட்டே விடவில்லை. அவர் மகளுக்கு எட்டு வயது. தள்ளி நின்றபடியே ஒரு கல்லை எறிந்தேன். எண்ணச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று என்றாள். அப்போதுதான் சத்தம் கேட்டது. மூன்று விநாடி என்றால் ஏறக்குறைய நாற்பது மீட்டர், பதின்மூன்று மாடி உயரம். நண்பர் ஒன்றும் பேசவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் செல்பேசியை எடுத்து, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறித்துக்கொண்டு, “அண்ணே, இதை எங்கே அனுப்ப வேண்டும்?” என்று கேட்டார்.