கவனக்குறைவு: குறைவது கவனமா, கவனிப்பா?

சிகிச்சைக்கு முன்னால் நோயாளியிடம் கையெழுத்து வாங்குவார்களே, அப்படி ஒரு படிவத்தைத் தமிழாக்கித் தரச் சொல்லி நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். இரண்டே பக்கம். அரை மணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். ‘நெக்லிஜென்ஸ்’ என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. அலட்சியம் என்று எழுதினேன், அடித்தேன். கவனக்குறைவு என்று எழுதினேன், அதுவும் சரியாக உட்காரவில்லை. இத்தனைக்கும் இது புதுச் சொல் இல்லை. செய்தித்தாளில் ‘மருத்துவர்களின் அலட்சியம், உறவினர்கள் மறியல்’ என்று எத்தனை தலைப்புகள் பார்த்திருப்போம்! சட்டப் புத்தகங்கள் கவனக்குறைவு, கவனமின்மை என்கின்றன, இலங்கைத் தமிழர்கள் கவனயீனம் என்று எழுதுகிறார்கள். எல்லாம் ஒன்றுதானே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஒரு டாக்டர் நஷ்டஈடு கட்ட வேண்டுமா, சிறைக்குப் போக வேண்டுமா, ஒன்றுமே வேண்டாமா என்பது இந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். ஆங்கிலத்துக்கு இது லத்தீனிலிருந்து வந்தது. ‘நெக்’ என்றால் இல்லை, ‘லெகெரே’ என்றால் பொறுக்கி எடுத்தல், திரட்டுதல். எடுக்க வேண்டியதை எடுக்காமல் போவதுதான் நெக்லிஜென்ஸ். லெகெரேவுக்குப் படித்தல் என்ற பொருளும் உண்டு, எழுத்துகளைக் கண்ணால் பொறுக்கிச் சேர்ப்பதுதானே படிப்பு. நாம் தினமும் புழங்கும் கலெக்டர், எலெக்‌ஷன், லெக்சர் எல்லாமே இந்த வேரில் முளைத்தவைதான். கம்பெனி வாங்குகிறவர்கள் ‘டியூ டிலிஜென்ஸ்’ என்று ஒன்றைச் சொல்வார்களே, அந்த டிலிஜென்ஸ் இதற்கு உடன்பிறந்த அக்கா: பிரித்துப் பார்த்துப் பொறுக்கி எடுப்பது. இதில் கவனிக்க வேண்டியது, மூலச் சொல்லின் மையத்தில் இருப்பது ஒரு செயல், அல்லது செய்யாமல் விட்ட செயல். செய்தவனின் மனம் அப்போது எங்கே இருந்தது என்பது அதில் இல்லை.

ரோமானியர்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 533-இல் வெளிவந்த ஜஸ்டினியன் பேரரசரின் சட்டப் பாடநூல், திறமையின்மையும் குற்றக் கணக்கிலேயே சேரும் என்று ஒரு வரி சொல்லி, அதற்கு எடுத்துக்காட்டாக மருத்துவரைத்தான் நிறுத்துகிறது. அடிமை ஒருவனுக்குத் தப்பாக அறுவை செய்து, அல்லது தவறான மருந்து கொடுத்து அவன் செத்தால் மருத்துவர் பொறுப்பு. அதற்கு ஒரு வரி முன்னால் இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது: அறுவையைச் செய்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளாமல் கைவிட்டு அதனால் அடிமை செத்தாலும் மருத்துவர் பொறுப்பு. (இழப்பீடு அடிமையின் குடும்பத்துக்கு இல்லை, எசமானுக்கு. அவர்கள் கணக்கில் அது சொத்துச் சேதம். அந்தக் கொடுமை தனிக்கதை.) திறமை போதாத அந்த மருத்துவர் அன்றைக்கு ரொம்பக் கவனமாகவே கத்தியைப் பிடித்திருக்கலாம், கை நடுங்காமல் கண் இமைக்காமல் அறுத்திருக்கலாம். சட்டம் அதைக் கேட்கவே இல்லை.

இன்றைய சட்டமும் ஏறக்குறைய அதே தடத்தில்தான் போகிறது. நெக்லிஜென்ஸ் என்று ஒருவர் வழக்குப் போட்டால் நீதிமன்றம் கேட்பது இதுதான்: இவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமை அந்த மருத்துவருக்கு இருந்ததா, அந்தக் கடமையில் தகுந்த தரத்துக்குக் கீழே போனாரா, அதனால்தான் இந்தத் தீங்கு வந்ததா. மூன்றுக்கும் ஆம் என்ற பதில் வேண்டும். தகுந்த தரம் எது என்பதற்கு 1957-இல் இங்கிலாந்தில் போலம் என்பவரின் வழக்கில் ஒரு அளவுகோல் வந்தது. மின்னதிர்ச்சி சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தும் மருந்து தராததால் அவருக்கு எலும்பு முறிந்துபோனது. அந்த மருந்தைத் தருவதா வேண்டாமா என்பதில் அன்றைய மருத்துவர்களிடையே இரண்டு கட்சி இருந்தது. அந்தத் துறையில் தேர்ந்த, பொறுப்பான மருத்துவர்களில் ஒரு சாரார் ஏற்றுக்கொண்ட முறைப்படி நடந்திருந்தால் அது நெக்லிஜென்ஸ் ஆகாது என்று நீதிபதி சொன்னார், போலம் தோற்றார். டாக்டருக்கு டாக்டர்தான் சாட்சி என்றால் நோயாளி எப்படி ஜெயிப்பார் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அந்த ஒரு சாராரின் கருத்து தர்க்கத்துக்கு நிற்க வேண்டும், நிற்காவிட்டால் நீதிமன்றம் தள்ளிவிடலாம் என்று 1997-இல் போலித்தோ வழக்கில் ஒரு கடிவாளம் போட்டார்கள்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும், அதற்கு இங்கிலாந்தின் பார்னெட் வழக்கைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. இரவுக் காவலாளிகள் மூன்று பேர் தேநீர் குடித்துவிட்டு வாந்தியோடு மருத்துவமனைக்கு வருகிறார்கள். பணியில் இருந்த மருத்துவருக்கே அன்று உடம்பு சரியில்லை. வந்து பார்க்காமலேயே, வீட்டுக்குப் போய் உங்கள் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். சில மணி நேரத்தில் ஒருவர் இறந்துபோனார். தேநீரில் ஆர்சனிக் இருந்திருக்கிறது. மருத்துவர் கடமை தவறியது உண்மை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் உடனே சேர்த்திருந்தாலும் மாற்று மருந்து கொடுப்பதற்குள் உயிர் போயிருக்கும், ஆகவே சாவுக்குக் காரணம் அந்தத் தவறு இல்லை என்று வழக்கு தள்ளுபடி. கேட்கும்போது வயிறு எரிகிறது. ஆனாலும் சட்டம் எதை அளக்கிறது என்பதை இது பளிச்சென்று காட்டிவிடுகிறது. மனிதர் எவ்வளவு மோசமாக நடந்தார் என்பது ஒன்று, அந்த நடத்தையால் என்ன கெட்டது என்பது வேறு.

சரி, தமிழுக்கு வருவோம். அலட்சியம் வடமொழி ‘லக்ஷ்’ என்ற வேரிலிருந்து வந்தது, குறித்துக்கொள்ளுதல், கண்ணில் படுதல் என்று பொருள். லட்சியம் என்பதும் அதே வேர்தான். வடமொழியில் அலட்சியம் என்றால் கண்ணுக்குப் படாதது. தமிழுக்கு வந்த பிறகு அதற்கு ஒரு திமிர் ஒட்டிக்கொண்டது. “எவ்வளவு அலட்சியம் பார்த்தியா” என்று சொல்லும்போது மறந்துவிட்டான் என்றா சொல்கிறோம்? மதிக்கவில்லை என்கிறோம். அசட்டையும் இதே சாதிதான், யாரையும் சட்டை பண்ண மாட்டான் என்கிறோமே, அந்தச் சட்டை. ஆக, ‘டாக்டரின் அலட்சியத்தால் குழந்தை பலி’ என்று தலைப்புப் போடும்போது விசாரணைக்கு முன்பே அவர் மனத்துக்குள் புகுந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அவருக்கு மட்டும் இல்லை, நோயாளிக்கும் இது கெடுதல். அலட்சியமாக நடந்தார் என்று நிரூபிக்கக் கிளம்பினால் டாக்டர் அன்று இரவு முழுக்கக் கண் விழித்தார், ஓடி ஓடிப் பார்த்தார் என்று நான்கு பேர் சாட்சி சொல்வார்கள், சொன்னது உண்மையாகவும் இருக்கும். வழக்கு அதனால் பலவீனமாகிவிட்டது போலத் தோன்றும், உண்மையில் அதற்கும் வழக்குக்கும் சம்பந்தமே இல்லை.

அலட்சியம் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்ல வரவில்லை. குற்றவியல் பக்கம் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டுமானால் சாதாரணத் தவறு போதாது, மிகக் கடுமையான நெக்லிஜென்ஸ் வேண்டும் என்றது. ஆபத்து தெரிந்தும் பொருட்படுத்தாமல் போவது அந்த ரகம். அதற்கு அலட்சியம் என்று தாராளமாகப் போடலாம்.

பழந்தமிழில் என்ன இருக்கிறது என்று தேடினால் நேராகப் பொச்சாப்பில் போய் முட்டுவோம். திருக்குறளில் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. மகிழ்ச்சியிலும் மிதப்பிலும் செய்ய வேண்டியதை மறந்துவிடுவதுதான் பொச்சாப்பு. அங்கே ‘முன்னுறக் காவாது இழுக்கியான் தன்பிழை பின்னூறு இரங்கி விடும்’ என்று ஒரு குறள் வரும். வரப்போகும் தீங்கை முன்பே கண்டு தடுக்காமல் தவறியவன் பின்னால் அது வந்து சேர்ந்ததும் வருந்துவான். ‘முன்னுறக் காவாது’ என்ற இரண்டு சொல்லில் நெக்லிஜென்ஸ் சட்டத்தின் பாதி அடங்கிவிடுகிறது, ஏனென்றால் முன்கூட்டியே உணரக்கூடிய தீங்கா என்பதை நீதிமன்றங்கள் இன்றும் கேட்கின்றன. ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் படிவத்தில் ‘மருத்துவப் பொச்சாப்பு’ என்று எழுதினால் நோயாளி புதிதாக ஏதோ வியாதி என்று பயந்துவிடுவார். தவிர பொச்சாப்பும் அடிப்படையில் மறதிதான், மறுபடி மனத்துக்குள்தான் போகிறோம்.

இங்கேதான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. கவனம் வேறு, கவனிப்பு வேறு. கவனம் மனத்தில் இருப்பது. கவனிப்பு கையில் இருப்பது. “ஆஸ்பத்திரியில் நல்லா கவனிச்சாங்க” என்று ஒருவர் சொன்னால் உற்றுப் பார்த்தார்கள் என்றா அர்த்தம்? வேளாவேளைக்கு மருந்து கொடுத்தார்கள், காய்ச்சல் ஏறியதா என்று பார்த்தார்கள், கூப்பிட்டால் வந்தார்கள் என்று அர்த்தம். ஆங்கிலச் சட்டத்தில் ‘டியூட்டி ஆஃப் கேர்’ என்கிறார்களே, அந்தக் கேர் இதுதான். அப்படியானால் அந்தக் கடமையைக் கவனிப்புக் கடமை என்றும், அதில் தரம் தாழ்வதைக் கவனிப்புக் குறைவு என்றும் சொன்னால் என்ன? கவனமாகவே இருந்த மருத்துவரிடமும் கவனிப்புக் குறைவு இருக்கலாம் என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. கவனமாக இருந்தும் கவனக்குறைவு என்றால் உளறல் மாதிரி இருக்கும். நுகர்வோர் நீதிமன்றங்களில் சேவைக் குறைபாடு என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதுவும் மனத்தை விட்டுவிட்டுச் செயலைத்தான் பிடிக்கிறது. ஒரே சங்கடம், கவனிப்புக்கு நம்மிடம் வேறு அர்த்தங்களும் உண்டு. ‘கவனிச்சுட்டுப் போங்க’ என்றால் லஞ்சம், ‘உன்னைக் கவனிச்சுக்கறேன்’ என்றால் அடி.

கூடவே வரும் இன்னொரு சொல் ‘லயபிலிட்டி’. லத்தீனில் கட்டுதல் என்ற வேரிலிருந்து வந்தது, கயிறு கட்டி இழுத்து நிறுத்துவது மாதிரி. நாம் பொறுப்பு என்கிறோம். பொறுத்தல் என்றால் சுமத்தல், அதனால் இந்தச் சொல் அழகாகவே பொருந்துகிறது, வந்த இழப்பை யார் சுமப்பது என்பதுதானே கேள்வி. செவிலியர் செய்த தவறுக்கு மருத்துவமனை பணம் கட்டுவது ஏன் என்று பலர் கேட்பார்கள். மருத்துவமனை தவறு செய்தது என்பதால் இல்லை, வேலைக்கு வைத்தவர் வேலையில் நேர்ந்த தவறின் சுமையையும் ஏற்க வேண்டும் என்பதால். குற்றம் ஒருவருடையது, பொறுப்பு இன்னொருவருடையது. இதனால்தான் ‘பொறுப்பில்லாமல் நடந்துகொண்டார்’ என்பதில் வரும் பொறுப்பையும் சட்டப் பொறுப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

அப்புறம் ஒப்பந்தம். காசு கொடுத்தால்தானே கேட்க உரிமை என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. 1932-இல் ஸ்காட்லாந்து வழக்கு ஒன்றில், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டன் பிரபுக்கள் சபை அதை உடைத்தது. தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சி பானப் போத்தலில் அழுகிய நத்தை இருந்ததாக டோனஹ்யூ என்ற பெண் வழக்குத் தொடர்ந்தார். காசு கொடுத்தது தோழி, ஆகவே இவருக்கு யாரோடும் ஒப்பந்தம் இல்லை. ஆனாலும் தன் செயலால் யார் பாதிக்கப்படுவார் என்று எதிர்பார்க்க முடியுமோ அவர்கள் எல்லாரிடமும் கடமை உண்டு என்ற கொள்கை அங்கிருந்துதான் கிளம்பியது. மயங்கிய நிலையில் தூக்கிவரப்பட்டவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை, அவருக்கும் கவனிப்புக் கடமை உண்டு.

ஒப்பந்தத்துக்குள்ளும் ஒரு சொல் விளையாட்டு இருக்கிறது. இந்தியாவின் 1986 நுகர்வோர் சட்டம் தனிப்பட்ட பணி ஒப்பந்தங்களை விலக்கி வைத்திருந்தது. நாங்கள் அந்த விலக்கில் வருகிறோம் என்று மருத்துவர்கள் வாதாடினார்கள். 1995-இல் உச்ச நீதிமன்றம், எசமான் சொன்னபடி வேலைக்காரர் செய்வது பணி ஒப்பந்தம், தன் அறிவைக் கொண்டு தானே முடிவெடுத்துச் செய்வது சேவைக்கான ஒப்பந்தம், மருத்துவர் இரண்டாவது வகை என்று சொல்லி அவர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. எல்லாருக்கும் இலவசமாகவே பார்க்கும் இடங்களுக்கு மட்டும் விலக்கு. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சின்ன முன்னிடைச்சொல் (முதலாவதில் ‘ஆஃப்’, இரண்டாவதில் ‘ஃபார்’), அவ்வளவுதான்.

என் படிவத்தின் கடைசி வரி, என்ன நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல என்றது. ஒப்புதல் என்பது சொல்லப்பட்ட ஆபத்துகளுக்குத்தான், தவறான சிகிச்சைக்கு யாரும் ஒப்புதல் தருவதில்லை. நெக்லிஜென்ஸால் வரும் சாவுக்கோ காயத்துக்கோ பொறுப்பல்ல என்று எழுதி வாங்கினாலும் செல்லாது என்று இங்கிலாந்தில் 1977-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இதை நண்பரிடம் சொன்னேன். அது எங்கள் வக்கீல் வேலை, நீ சொல்லை மட்டும் பார் என்றார். சொல்லை மட்டும் பார்த்து, கவனிப்புக் குறைவு என்று எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்த பிரதியில் அது அலட்சியம் ஆகியிருந்தது.